பானைத் தண்ணீர்

தொண்ணூறுகளின் நடுவில் என் பெரியப்பா கிணத்துக்கடவில் தேங்காய் எண்ணெய் ஆலை நடத்தினார். வெளிநாட்டு யூத வியாபாரி ஒருவர் எண்ணெய் கேட்டிருந்தார். அவர்களுடைய மதச் சட்டம் விலக்கியது எதுவும் எண்ணெயில் சேரவில்லை என்று பார்த்துச் சொல்ல, நரைத்த தாடியோடு அவர்களுடைய குரு ஒருவர் வந்தார். கோயமுத்தூரில் கல்லூரி வாத்தியாராக இருந்த மாமா, பெரியம்மாவின் தம்பி, அவர் பேசியதைத் தமிழில் சொன்னார்.

அந்த மாமாவின் கையிலிருந்த கேரியர்தான் தொட்டியோரம் சாய்ந்தது. பெரியம்மா கொடுத்தனுப்பிய ஆட்டுக்கறிக் குழம்பு எண்ணெய்க்குள் விழுந்தது. பெரியப்பாவின் முகம் வெளுத்துவிட்டது. குரு தொட்டியை எட்டிப் பார்த்தார். எவ்வளவு விழுந்தது என்று கேட்டார். சற்று யோசித்துவிட்டு ஏதோ சொன்னார்.

மாமாவுக்கே நம்ப முடியவில்லை. "அறுபதுல ஒரு பங்குக்கும் குறைச்சலா, தெரியாம விழுந்திருக்குது. அதனால எண்ணெய் கெட்டுப்போகலீங்களாமா, மச்சான். வேணும்னே ஊத்தியிருந்தாத்தான் ஆகாதாமா."

ஆலை வெக்கையில் குருவுக்கு இருமல் வந்தது. தேங்காய் உடைத்துக்கொண்டிருந்த மாராள் ஓடிப்போய், எங்கள் வீட்டார் குடிக்கும் பானையில் தம்ளரை முக்கித் தண்ணீர் கொண்டுவந்தாள். அவர் வாங்கிக் குடித்தார்.

"ஆரைக் கேட்டு அந்தப் பானையத் தொட்டே?"

பெரியப்பா அப்படிக் கத்தி நான் கேட்டதேயில்லை.

"இருமுனாங்களேன்னுதானுங்க, சாமி" என்றாள் மாராள். பானைத் தண்ணீர் முழுவதையும் தென்னை மரத்தடியில் கொட்டச் சொன்னார் பெரியப்பா.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. "பெரியப்பா, வெரல்தானுங்களே பட்டுச்சு? பானைத் தண்ணி அறுபது பங்குக்கு மேல இருக்குமுங்களே?"

என்னைப் பார்த்த மாராளின் கண்களில் பயம் இருந்தது. என்ன நடந்தது என்று குரு மாமாவிடம் கேட்டார். மாமா இங்கிலீஷில் எதையோ சொன்னார். குரு திடுக்கிட்டுத் தம்ளருக்குள் பார்த்தார்.

"பானைக்குள்ள பூச்சி கெடந்துச்சுன்னு சொல்லிப்போட்டேன் மச்சான்" என்றார் மாமா தாழ்ந்த குரலில். "முழுப் பூச்சின்னா எத்தனை தண்ணியா இருந்தாலும் ஆகாதுங்களாமா. கொட்டுனது சரிதாங்கறாரு."

மாராளுக்கும் அது கேட்டது. சேலைத் தலைப்பில் கையைத் துடைத்தாள். துடைத்துக்கொண்டே இருந்தாள்.

அடுத்த வாரம் ஆலை வாசலுக்கு வெளியே, மாராளுக்கும் அவள் தெருக்காரர்களுக்கும் என்று பெரியப்பா தனியாக ஒரு குழாய் போட்டுக் கொடுத்தார். நான் கேட்ட கேள்வியால்தான் அவர் மனம் இளகிவிட்டது என்று நினைத்தேன். பள்ளிக்கூடத்தில் எல்லோரிடமும் அதைப் பெருமையாகச் சொன்னேன்.