எட்டு கிழக்கேவிளை

வெள்ளறடையைத் தாண்டி வெகுதூரம் நடந்த பிறகுதான் செருப்பைக் கடையிலேயே விட்டு வந்தது தெரிந்தது. திரும்பிப் போகத் தைரியமில்லை. பின்னால் ஆட்டோ சத்தம் கேட்கும்போதெல்லாம் சாலையை விட்டிறங்கி, ரப்பர் மரத்தைப் பார்த்தபடி நின்றேன்.

கல்யாணப் படம் எடுக்கும் ஸ்டுடியோவில் சேர்ந்து ஒரு மாதம். எட்டாம் வகுப்போடு நின்றவன். கிடைத்த ஊரில் கிடைத்த வேலை. அங்கிருந்த பழைய கம்ப்யூட்டரில் லினக்ஸ்தான் ஓடும். கறுப்புத் திரையில் கட்டளை தட்ட வேண்டும். ls -d */ என்றால் ஃபோல்டர்கள் மட்டும் வரிசையாக வரும். பின்னால் grep போட்டு ஒரு பெயர் கொடுத்தால் அந்தப் பெயருள்ளவை மட்டும் நிற்கும். இதையெல்லாம் முதலாளி தாளில் எழுதிச் சுவரில் ஒட்டியிருந்தார்.

அன்று காலை அவர் ஆல்பம் அச்சடிக்க நெய்யாற்றின்கரைக்குக் கிளம்பினார்.

"எலே மக்கா, கிழக்கேவிளைக்காரங்க ஆல்பம் வாங்கிட்டு போயாச்சு. அதை அழிச்சு இடம் உண்டாக்கு."

அங்கே படங்களை வீட்டுப் பெயரில்தான் சேமிப்பார்கள். கிழக்கேவிளை என்று வடிகட்டினேன். எட்டு வந்தன. பெயருக்குப் பின்னால் 2, 3 என்று எண்கள். அந்த வீட்டில் பெண்கள் அதிகம் என்று நினைத்துக்கொண்டேன். எட்டையும் அழித்தேன். கட்டளையில் அழித்தால் குப்பைத்தொட்டிக்குக்கூடப் போகாது.

மதியம் ஒருவர் வந்தார். "கிழக்கேவிளை. போன ஞாயிற்றுக்கிழமை மகளுக்க கல்யாணம். வெள்ளிக்கிழமை அவ துபாய்க்கு போறா. ஆல்பம் கையில வேணுமாக்கும்."

"எந்தக் கிழக்கேவிளை?"

"நல்லா கேட்டீரு. ஒவ்வொரு முக்குலயும் ஒரு கிழக்கேவிளை உண்டுல்லா."

மறுபடி வடிகட்டிப் பார்த்தேன். ஒன்றும் வரவில்லை. கர்சர் மட்டும் துடித்தது. கணக்கு நோட்டைப் பார்த்தால் எட்டும் வேறு வேறு வீடுகள்; மற்ற ஏழும் பழைய கல்யாணங்கள், ஆல்பம் போய்விட்டவை. இவருடையது மட்டும்தான் போகவில்லை. நாளைக்கு வாருங்கள் என்று அனுப்பிவிட்டு, கடையைச் சாத்திச் சாவியைப் பக்கத்து டீக்கடையில் கொடுத்துவிட்டு நடந்தேன்.

நடக்க நடக்க ஒன்று நினைவுக்கு வந்தது. எங்கள் கேமராக்காரர் அடுத்த கல்யாணம் வரை மெமரி கார்டை அழிக்கமாட்டார். அடுத்த கல்யாணம் மறுநாள், காட்டாக்கடையில். போன் போட்டேன், அணைத்து வைத்திருந்தார். பஸ் பிடித்துப் போய், மண்டபத்துக்கு எதிரே ஒரு கடை வாசலில் படுத்தேன். தூக்கம் வரவில்லை.

காலை ஏழு மணிக்கு ஸ்கூட்டரில் வந்து இறங்கினார்.

"அண்ணே, ஞாயிற்றுக்கிழமை கார்டை அழிச்சாச்சா?"

"இனிதான். நீ என்ன, பேயடிச்சவன் மாதிரி செருப்பில்லாம நிக்க?"

சொன்னேன். வாய்விட்டுச் சிரித்தார். பிறகு கேமராவின் சின்னத் திரையில் ஒவ்வொன்றாகத் தள்ளிக் காட்டினார். ஒரு படத்தில், ஆல்பம் கேட்டு வந்தவர் மகளின் கையைப் பிடித்தபடி நின்றார். கார்டுக்குக் கையை நீட்டினேன்.

"இதைத் தந்தா எனக்கு மிச்சம் ஒரு சின்ன கார்டுதான் உண்டு. தாலி கெட்டுக்கு முன்னே அது நிறைஞ்சா, இதைத் திரும்ப வாங்கி அழிப்பேன். பொறவு எங்கிட்ட அழப்பிடாது."

"சரிண்ணே."

"லைட்டு பிடிக்கிறவன் வரல்ல. நீ பிடி."

கார்டைச் சட்டைப் பையில் போட்டுப் பொத்தானை மாட்டினேன். மணமகள் முகத்துக்கு நேரே விளக்கைத் தூக்கிப் பிடித்தேன். கண் மட்டும் கேமராவின் மூலையில் இறங்கிக்கொண்டிருந்த எண்ணில் இருந்தது. இன்னும் எத்தனை படம் எடுக்கலாம் என்று அது காட்டும். மாலை மாற்றுவதற்கு முன்பே நூறுக்குக் கீழே வந்துவிட்டது. தாலி கட்டியபோது பதினொன்று.

"விளக்கைத் தாழ்த்தாதே, எலே," என்றார். தாழ்த்தவில்லை. சட்டைப் பையின் மேல் வைத்திருந்த மற்றக் கையை எடுக்கவுமில்லை.