பஸ்ரியனின் விசை இளக்கிய துப்பாக்கி

அமிர்தநாயகம் பஸ்ரியன் (1886–1947).

மன்னாரில் சுங்கக் கந்தோர் எழுதுவினைஞராக இருந்தவர். கையில் சுழல் துப்பாக்கி இருந்தும் முயலொன்றைக்கூட அவர் சுட்டதில்லை. ஞாயிறு பூசை முடிந்ததும் ஆளில்லாத கடற்கரை வெளிக்குப் போவார். சுண்ணாம்பால் வட்டமிட்ட பனங்குற்றியை மணல்மேட்டின் முன் நட்டு, இருபது கஜத் தொலைவில் நின்று ஆறு தோட்டாக்களையும் அதில் செலுத்துவார். அவர் அறிந்த கேளிக்கை அது ஒன்றே.

கொழும்பு ஏலத்தில் வாங்கிய அத்துப்பாக்கியின் விசை தொடக்கத்தில் மிகக் கடினமாக இருந்தது. இளமையில் திருக்கை மீனின் முள் பாய்ந்திருந்த அவருடைய சுட்டுவிரல் அதை இழுக்கும்போதெல்லாம் நடுங்கும். தோட்டா மணலில் புதையும். எருக்கலம்பிட்டியில் மணிக்கூடு திருத்தும் மர்சூக்தான் வழி கண்டவர். மூன்று மாதம் தம்மிடம் வைத்திருந்து, உள்ளே சுத்தியலை உந்தும் உருக்கு வில்லைக் கழற்றி, மெலிதாய் அராவிய வேறொரு வில்லைப் பூட்டி, உராயும் இடங்களை மெருகிட்டு, பழைய வில்லையும் கையில் கொடுத்தார். அன்றிலிருந்து விரல் நடுங்கவில்லை.

1931 ஜனவரி 12ஆம் திகதி அனுமதிப்பத்திரம் புதுப்பிக்கப் போனபோது, புதிதாக வந்திருந்த அதிகாரி விசையை இழுத்துப் பார்த்துப் புருவத்தை உயர்த்தினார்.

“இதென்ன, பிள்ளையளின்ரை விளையாட்டுச் சாமான் மாதிரிக் கிடக்கு? வெடிக்குமோ?”

“ஆறும் வெடிக்கும் ஐயா. நாளைக்கு விடியக் கடற்கரைக்கு வந்து பாருங்கோ.”

ஒரு கிழமையாக விடாத மழை. மறுநாட் காலையில் வாடைக்காற்று எலும்புவரை குளிர்ந்தது. ஆறில் இரண்டே வெடித்தன. மற்ற நான்கிலும் சுத்தியல் தூக்கக் கலக்கத்தில் விழுவதுபோல விழுந்து ஓய்ந்தது.

“பழைய வில்லைத் திரும்பப் போடுங்கோ. இல்லாட்டி அனுமதி தரேலாது. வெள்ளிக்கிழமை வரைக்கும் தவணை,” என்றார், வில் மாற்றிய கதையைக் கேட்டறிந்த அதிகாரி.

பழைய வில் என்றால் பழைய நடுக்கம். துப்பாக்கி அலுமாரிக்குள் கிடக்க வேண்டியதுதான். வீடு வந்த பஸ்ரியன் பழைய வில்லை மேசையில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தாரே தவிர, பூட்ட மனம் வரவில்லை.

புதன் காலை, தலைவார உட்கார்ந்த மனைவி அன்னப்பிள்ளை போத்தலைக் கவிழ்த்துக் குலுக்கினாள்.

“இஞ்சாருங்கோ, தேங்காயெண்ணெய் உறைஞ்சு போச்சு. இதை ஒருக்கா அடுப்படியிலை வையுங்கோவன்.”

பஸ்ரியன் போத்தலை வாங்கினார், வைக்கவில்லை. வெள்ளையாய்த் திரண்டு நின்ற எண்ணெயையே பார்த்தார். பிறகு துப்பாக்கியை எடுத்துக்கொண்டு சைக்கிளில் எருக்கலம்பிட்டிக்குப் புறப்பட்டார்.

மர்சூக் துப்பாக்கியின் பக்கத்தகட்டைக் கழற்றி, உள்ளே ஊசியால் ஒரு கீறு கீறிப் பார்த்தார்.

“அண்ணன், நான் தந்த மணிக்கூட்டு எண்ணெய் எங்க?”

“அது முடிஞ்சு ஒரு மாசமாச்சு, மர்சூக் நானா. வீட்டிலை இருந்ததைப் பூசினனான்.”

“தலைக்குப் பூசிற எண்ணெயை இதுக்குப் பூசினா, சுடாது, முடிதான் முளைக்கும்! பழைய வில்லெண்டா இந்தப் பசையை அடிச்சுக்கொண்டு போகும். நான் மெலிசாக்கினதுக்கு அந்த வலு இல்ல. போங்க, நல்ல வேளை, வில்லுல பிழையில்ல.”

மண்ணெண்ணெயில் கழுவித் துடைத்து, மணிக்கூட்டு எண்ணெயில் பாகத்துக்கு ஒரு துளி வைத்தார்கள்.

வெள்ளி விடியற்காலை ஆறரை மணிக்கே பஸ்ரியன் அதிகாரியை அழைத்துப்போனார்.

“வெயில் ஏறட்டுமே?”

“வேண்டாம் ஐயா. குளிருக்குள்ளையே பாருங்கோ.”

ஆறும் வெடித்தன. ஐந்து வட்டத்துக்குள், ஒன்று சுண்ணாம்புக் கோட்டைத் தொட்டது. அதிகாரி கிட்டப் போய் ஓட்டைகளை எண்ணினார். பின் மேலங்கியைக் கழற்றி மணலில் போட்டுவிட்டுக் கையை நீட்டினார்.

“எனக்கும் ஒரு ஆறு தாருங்கோ பாப்பம்.”

அவர் சுட்டவற்றில் மூன்று குற்றியில் பட்டன. திரும்பும் வழியெல்லாம் அந்த மணிக்கூட்டுக்காரரின் வீடு எங்கே என்று கேட்டுக்கொண்டே வந்தார். அன்று பகலே பத்திரத்தில் கையொப்பமிட்டார்.

அதன்பின் அனுமதி ஆண்டுதோறும் தடையின்றிப் புதுப்பிக்கப்பட்டது. பஸ்ரியன் அத்துப்பாக்கியால் கடைசியாகச் சுட்டது 1946 மார்ச் 10, ஞாயிற்றுக்கிழமை.