வளர்மதி ராஜகிரி ஏறிய சனிக்கிழமை

போன மாதம் திருவண்ணாமலை பற்றி எழுதிய பதிவின் கீழே ஒரு வாசகர் கேட்டிருந்தார். அவருடைய மகனுக்கு உடம்பு சரியில்லையாம், அதிகம் நடக்க முடியாதாம். செஞ்சி ராஜகிரிக் கோட்டை உச்சிக்குப் போகவேண்டும் என்கிறானாம். தூக்கிக்கொண்டு ஏற வழி உண்டா என்று கேட்டிருந்தார்.

இரண்டு வரியில் பதில் சொல்லிவிடக்கூடிய கேள்வி இல்லை இது. வழி உண்டு. நாங்கள் அப்படி ஏறியிருக்கிறோம். 1986 ஜனவரியில், பொங்கல் முடிந்து இரண்டாவது சனிக்கிழமை. இத்தனை வருடமாக எத்தனையோ ஊர்களைப் பற்றி எழுதியிருக்கிறேன், இந்தப் பயணத்தை மட்டும் எழுதவில்லை. இப்போது எழுதிவிடுகிறேன்.

எங்கள் மகள் வளர்மதிக்கு அப்போது பத்து வயது, ஐந்தாம் வகுப்பு. நான் தபால் இலாகாவில் கடிதம் பிரிக்கும் வேலையில் இருந்தேன். வீடு வியாசர்பாடியில். முந்தைய வருடம் ஆகஸ்டில் அவளுக்கு ரத்தப் புற்றுநோய் என்று தெரிந்தது. அவளுடைய பள்ளியில் செஞ்சிக்குச் சுற்றுலா போக இரண்டு நாள் இருக்கும்போது ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். திரும்பி வந்த பிள்ளைகள் அவளைப் பார்க்க வந்து எல்லாவற்றையும் சொல்லியிருக்கிறார்கள். அடிவாரத்தில் கல்யாண மகாலைப் பார்த்தார்களாம், குளத்தைப் பார்த்தார்களாம், மழை வந்துவிட்டதால் டீச்சர் மலை ஏற விடவில்லையாம். அன்றைக்கு என் மகள் மனதில் ஒன்று உட்கார்ந்துவிட்டது.

வியாழக்கிழமைதோறும் ஐந்து பெண்மணிகள் வார்டுக்குக் கதைப் புத்தகங்களோடு வருவார்கள். பெயர்ப்பலகை, அலுவலகம் எதுவும் கிடையாது. தங்களுக்குள் பணம் போட்டு, வார்டில் இருக்கும் பிள்ளைகளுக்கு ஆளுக்கு ஓர் ஆசையை நிறைவேற்றுவார்கள். ஒரு பையன் மாடி பஸ்ஸில் மேலே உட்கார்ந்து நாள் முழுக்கச் சுற்றவேண்டும் என்று கேட்டான், சுற்றினான். ஒரு சிறுமி பேசும் பொம்மை கேட்டாள். அவர்களில் நிர்மலா அம்மா என்பவர் வளர்மதியின் கட்டிலருகே உட்கார்ந்து கேட்டபோது நானும் என் மனைவி சரோஜாவும் பக்கத்தில் இருந்தோம்.

"செஞ்சிக்கோட்டை மேல ஏறணும்" என்றாள்.

"கோட்டையைப் பாக்கணுமாம்மா?"

"பாக்கறதுக்கு இல்ல. ஏறணும். எங்க கிளாஸ்ல ஒருத்தர் கூட மேல போவல."

நிர்மலா அம்மா சிரிக்கவில்லை. புத்தகத்தின் பின்னட்டையில் குறித்துக்கொண்டார்.

சரோஜாவுக்கு இதில் துளியும் சம்மதம் இல்லை. டாக்டரும் உடனே ஒப்புக்கொள்ளவில்லை. அவளுக்குச் சின்னச் சிராய்ப்பு பட்டாலும் ரத்தம் நிற்காது. மருந்தினால் காலில் பலம் குறைந்து, நடக்கும்போது பாதம் தரையில் இடறும். கடைசியில் நிபந்தனைகளோடு விட்டார். வியாழக்கிழமை ரத்தப் பரிசோதனை சரியாக இருக்க வேண்டும். காய்ச்சல் இருக்கக் கூடாது. காய்ச்சிய தண்ணீர், வீட்டுச் சாப்பாடு மட்டும். படியில் ஏறக் கூடாது, தூக்கித்தான் போகவேண்டும். நவம்பரில் ஒரு முறை, டிசம்பரில் ஒரு முறை ரத்தம் சரியில்லாமல் பயணம் தள்ளிப்போனது. மூன்றாவது முறை டாக்டர் சீட்டைப் பார்த்துவிட்டு "போய்ட்டு வாங்க" என்றார்.

சனிக்கிழமை காலை ஐந்தேகாலுக்கு அந்தப் பெண்மணிகள் அனுப்பிய அம்பாசடர் வாசலில் நின்றது. எங்கள் தெருவிலிருந்து செஞ்சிக் கடைத்தெருவுக்கு நூற்று அறுபத்திரண்டு கிலோமீட்டர், டிரைவர் மீட்டரைக் காட்டினார். திண்டிவனத்தில் இருபது நிமிடம் நிறுத்தி, கொண்டுபோன இட்லியைச் சாப்பிட்டோம். அங்கிருந்து செஞ்சி இருபத்தெட்டு கிலோமீட்டர். ஊர் நெருங்க நெருங்கச் சாலைக்கு இரண்டு பக்கமும் யாரோ கொட்டிவைத்த மாதிரி பாறைகள். வளர்மதி ஒவ்வொரு குன்றையும் காட்டி "இதுவா நைனா?" என்று கேட்டுக்கொண்டே வந்தாள். ராஜகிரி தெரிந்ததும் கேட்கவில்லை. கண்ணாடியில் நெற்றியை வைத்துப் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

ஒன்பது மணிக்குக் கோட்டை வாசலில் இறங்கினோம். பஸ் நிலையத்திலிருந்து திருவண்ணாமலை ரோட்டில் இரண்டு கிலோமீட்டர் தூரம். நிர்மலா அம்மாவுக்குத் தெரிந்த ஜவுளிக்கடைக்காரர் ஒருவர் எல்லா ஏற்பாடும் செய்திருந்தார். மரத்தடியில் டோலி காத்திருந்தது. அதைச் செய்த காதர் பாய் பக்கத்திலேயே நின்றார். கடைத்தெருவில் தச்சுப்பட்டறை வைத்திருப்பவர், ஐம்பது வயது இருக்கும். பிரம்பு நாற்காலி ஒன்றை இரண்டு மூங்கில் கம்புகளுக்கு நடுவே கட்டி, கால் வைக்கப் பலகையும், கைப்பிடிகளைச் சுற்றிப் பஞ்சும் துணியும் வைத்துத் தைத்திருந்தார். ஆணித்தலை ஒன்றுகூட வெளியே தெரியவில்லை.

"புள்ளைக்கு எங்கியும் ஒரசக் கூடாதுன்னு லெட்டர்ல எழுதியிருந்தாங்க" என்றார். "எம்பொண்ணுக்கும் பத்து வயசுதான் சார். அவள ஒக்கார வெச்சி நெல்லு மண்டி வரைக்கும் ரெண்டு தபா தூக்கிட்டுப் போய்ப் பாத்துட்டோம். ஆட்டம் இல்ல."

தூக்குவதற்கு நெல் மண்டியில் மூட்டை சுமக்கும் மூன்று பேர் வந்திருந்தார்கள். அவர்களில் மூத்தவர் பெயர் ஏழுமலை. நான்காவது ஆளாகக் காதர் பாயே தோள்கொடுப்பதாக இருந்தது.

நான்கு பேரும் கம்புக்கு அடியில் குனிந்தபோது சரோஜா என் கையைப் பிடித்து ஓரமாக இழுத்தாள். முகம் வெளுத்திருந்தது.

"ஏங்க, நாலு பேர் வேணாங்க."

"வேற எப்படித் தூக்கறது?"

"எப்படியாவது. நாலு பேர் தூக்கிட்டுப் போறத என்னால பாக்க முடியாது."

எனக்கு அப்போதுதான் உறைத்தது. நாங்கள் மெதுவாகத்தான் பேசினோம், ஆனாலும் காதர் பாய்க்கு விளங்கிவிட்டது. கம்பைக் கீழே வைத்துவிட்டு, பட்டறையில் வேலை சொல்கிற மாதிரி சாதாரணமாகச் சொன்னார்.

"சார், பின்னால குறுக்குக் கட்டை ஒண்ணு வுட்டிருக்கேன். படியில பின்பாரம் அதிகமா இருக்கும். நீங்க அத்தப் புடிச்சிக்கணும். அஞ்சு பேர் இல்லாம இது ஏறாது."

"அஞ்சு பேருன்னா சாமி பொறப்பாடு மாதிரி" என்றார் ஏழுமலை. "நடங்க சார்."

அந்தக் குறுக்குக் கட்டை அதற்காகவே வைத்ததா, முட்டுக்கு வைத்ததா என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது. கடிதம் பிரித்துப் பழகிய கையால் அதைப் பிடித்தேன். சரோஜா முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு எங்களுக்கு முன்னால் நடக்கத் தொடங்கினாள்.

ஒன்பது நாற்பதுக்கு ஏற ஆரம்பித்தோம். உயரம் எண்ணூறு அடி என்பார்கள், படிகள் ஆயிரத்துக்கு மேல். முதலில் அகலமான, தாழ்வான படிகள். பிறகு செங்குத்தாகி, முழங்கால் உயரத்துக்குக் கூட வரும். ஐம்பது படிக்கு ஒருமுறை டோலியை இறக்கினோம். கோட்டைக் காவலர் ஒருவர், டோலியெல்லாம் மேலே போனதில்லை என்று முதலில் முனகியவர், கையில் ஒரு கம்போடு குரங்குகளை விரட்டிக்கொண்டு முன்னால் வந்தார். வரச் சொல்லி யாரும் அவரைக் கேட்கவில்லை.

முதல் இரண்டு நிறுத்தம் வரை வளர்மதி தலையைக் குனிந்துகொண்டே இருந்தாள். தன்னைத் தூக்குவது அவளுக்குக் கூச்சம். மூன்றாவது நிறுத்தத்தில், "நான் கனமா இருக்கனா?" என்று கேட்டாள்.

"நெல்லு மூட்ட எழுவத்தஞ்சு கிலோ பாப்பா" என்றார் ஏழுமலை. "நீ கா மூட்ட கூட இல்ல."

"அப்ப ஏன் மூச்சு வாங்குது?"

"மூட்ட கேள்வி கேக்காது."

அதற்குப் பிறகு அவள் நிமிர்ந்து உட்கார்ந்தாள். எனக்குத்தான் தோள்பட்டை கழன்றுவிடும் போலிருந்தது. நூறு படியில் சட்டை நனைந்தது, முன்னூறு படியில் பேச்சு நின்றது. மற்ற நான்கு பேரும் என்னிடம் ஒரு முறைகூட மாற்றிக்கொள்ளலாமா என்று கேட்கவில்லை. அதற்காக அவர்களுக்கு நான் நன்றியுள்ளவன்.

பதினொன்று இருபதுக்குப் பாலத்துக்கு வந்தோம். போனவர்களுக்குத் தெரியும், உச்சிப் பாறைக்கும் மலைக்கும் நடுவே ஒரு பிளவு இருக்கிறது. எட்டு மீட்டர் அகலம் இருக்கலாம், ஆழம் அறுபது அடி. அதன் மேலே குறுகலான பாலம். கம்புகளோடு டோலி அதில் போகாது என்று பார்த்ததுமே தெரிந்தது. இதை யாரும் யோசித்திருக்கவில்லை.

ஏழுமலை முதுகைக் காட்டிக் குனிந்தார். "ஏறு பாப்பா, உப்பு மூட்ட."

வளர்மதி நாற்காலியிலிருந்து தானே எழுந்தாள். "நான் நடக்கறேன்."

"வேணாம்மா" என்றேன். டாக்டர் சொன்னது ஒவ்வொன்றும் காதில் ஓடியது. பாதம் இடறினால், முட்டி பெயர்ந்தால், நூற்று அறுபது கிலோமீட்டருக்கு அந்தப் பக்கம் ஆஸ்பத்திரி. "நீ இவ்ளோ தூரம் வந்ததே போதும். இதுவே உச்சி மாதிரிதான்."

"மாதிரி இல்ல நைனா. அதுதான் உச்சி."

பயணமே வேண்டாம் என்று மூன்று மாதமாகச் சொல்லிக்கொண்டிருந்த சரோஜா என் பக்கம் திரும்பினாள்.

"நடக்கட்டும் விடுங்க" என்றாள். "நான் பின்னால வரேன்."

காவலர் முன்னால் போனார். அவளுக்கு முன்னால் நான் அவளைப் பார்த்தபடி பின்னோக்கி நடந்தேன், தொட்டுவிடும் தூரத்தில் இரண்டு கைகளையும் நீட்டிக்கொண்டு. சரோஜா அவள் இடுப்புக்கு இரண்டு பக்கமும் கைகளை வைத்திருந்தாள், ஆனால் தொடவில்லை. வளர்மதி ஒவ்வொரு காலையும் முழங்காலிலிருந்து தூக்கி, பாதத்தைத் தட்டையாக வைத்து நடந்தாள். நடுவில் நின்று கீழே எட்டிப் பார்த்தாள்.

"எவ்ளோ ஆழம் அண்ணே?" என்று காவலரைக் கேட்டாள்.

"அறுவது அடி. பாக்காம வா பாப்பா."

"பாக்கத்தான வந்தேன்" என்று சொல்லி, பார்த்து முடித்துவிட்டுத்தான் நகர்ந்தாள்.

அந்தப் பக்கம் போனதும் அங்கிருந்த படிகளிலும் தானே ஏறுவேன் என்றாள். இருபத்தாறு படி ஏறினாள். இருபத்தேழாவதில் கால் எழவில்லை. அவளாகவே ஏழுமலையைத் திரும்பிப் பார்த்து, "இப்போ உப்பு மூட்டை" என்றாள்.

உச்சியில் ரங்கநாதர் கோயில், மணிக்கூண்டு, பிறகு ஆகாயம்தான். காற்று ஆளைத் தள்ளியது. காதர் பாய் குல்லாவைக் கழற்றி வியர்வையைத் துடைத்தார். ஒரு முடிகூட இல்லாத தலை வெயிலில் மின்னியது. வளர்மதி அதைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். ஆகஸ்டிலிருந்து வெளியாள் முன்னால் தலைத்துணியை எடுக்காதவள், முடிச்சை அவிழ்த்து மடியில் வைத்துக்கொண்டாள்.

"காத்து நல்லா இருக்குதில்ல?" என்றார் காதர் பாய்.

"ஆமா" என்றாள்.

அப்புறம் விளிம்புச் சுவரோரம் என்னைத் தூக்கிக்கொண்டு போகச் சொல்லிக் கீழே தேடினாள். கல்யாண மகால் தீப்பெட்டி அளவுக்குத் தெரிந்தது. "அங்கதான் நின்னாங்க எங்க கிளாஸ்" என்றாள். அந்த முகத்தை நான் பார்த்தேன். பிள்ளை முதல் ராங்க் வாங்கினால் தகப்பன்கள் எப்படி இருப்பார்களோ தெரியாது. அந்த நிமிடத்தில் அவர்கள் யாரோடும் நான் இடம் மாற்றிக்கொண்டிருக்க மாட்டேன். சரோஜா கட்டிக்கொண்டுவந்த எலுமிச்சை சாதத்தை எல்லோருக்கும் வைத்தாள். ஏழுமலை இரண்டாம் முறை வாங்கிச் சாப்பிட்டார்.

இரண்டு மணிக்கு அடிவாரம் வந்தோம். இறங்குவதுதான் கஷ்டம், பாரம் முழுக்க முன்னால் இருப்பவர்கள் மேல் விழும். அவள் உடம்பில் ஒரு கீறல் இல்லை. திங்கட்கிழமை டாக்டர் தலையிலிருந்து கால் வரை பார்த்துவிட்டு, பாலத்தைப் பற்றிக் கேள்விப்பட்டதும் எங்களைத் திட்டினார். திட்டி முடித்துவிட்டு, எத்தனை படி என்று அவளிடம் கேட்டார்.

ஜூனில் பள்ளிக்குப் போனாள். ஒரு பருவம் முழுக்கப் போனாள். செஞ்சியைப் பற்றி வகுப்பில் பேசச் சொல்லியிருக்கிறார் டீச்சர். ஒரு பெண் எழுந்து, "உன்னத் தூக்கிட்டுத்தான போனாங்க?" என்று கேட்டாளாம். வளர்மதி, "ஆமா. அஞ்சு பேரு தூக்கினாங்க, அதுல ஒருத்தர் எங்க நைனா. பாலமும் இருபத்தாறு படியும் மட்டும்தான் நான் நடந்தது" என்றாளாம். ஒரு படி கூடச் சேர்த்துச் சொல்லவில்லை என்று டீச்சர் எங்களிடம் சொன்னார். அடுத்த வருடம் மார்ச்சில் அவள் இறந்துபோனாள். காதர் பாயும் ஏழுமலையும் பஸ் ஏறி வியாசர்பாடிக்கு வந்திருந்தார்கள்.

கேட்ட வாசகருக்கு இப்போது நடைமுறை விஷயங்கள். டிசம்பர் கடைசியிலிருந்து பிப்ரவரி நடுப்பகுதிக்குள் போங்கள், மற்ற மாதங்களில் பாறைச் சூடு தாங்காது. கோட்டை ஒன்பது மணிக்குத் திறக்கும், அப்போதே ஏறத் தொடங்குங்கள். மதியத்துக்கு மேல் ராஜகிரி ஏற விடமாட்டார்கள். டோலி கொண்டுபோக முன்கூட்டியே கேட்டு அனுமதி வாங்கிக்கொள்ளுங்கள். மேலே தண்ணீர் கிடையாது, ஆளுக்கு இரண்டு லிட்டர் வேண்டும். சாப்பாட்டுப் பை வெளியே தெரிந்தால் குரங்குகள் விடாது. முதலில் உங்கள் டாக்டரிடம் கேளுங்கள், அவர் வேண்டாம் என்றால் காத்திருங்கள். தூக்க ஆள் வைத்தாலும் நீங்களும் ஒரு கை பிடியுங்கள். எதுவரை போவது என்பதைப் பையனே சொல்லட்டும்.

உச்சிக்குப் போன பிறகு கடிகாரத்தைப் பார்க்காதீர்கள். வெயில் ஏறுகிறதே என்று நான்தான் அவசரப்படுத்தினேன். நாங்கள் மேலே இருந்தது நாற்பது நிமிடம். இன்னும் கொஞ்ச நேரம் இருந்திருக்கலாம்.