குள்ளனா, நெட்டையனா

என் அப்பாவும் தாய்மாமனும் சண்டை போட்டுக்கொண்டது வரப்புக்காக இல்லை, தண்ணீர்ப் பங்குக்காகவும் இல்லை. அமெரிக்காவில் எங்கேயோ இருந்த இரண்டு குத்துச்சண்டைக்காரர்களுக்காக. இரண்டு பேரும் வேறு வேறு காலத்தில் சாம்பியன்களாக இருந்தவர்கள். ஒருவன் மேடையை விட்டு இறங்கிய பிறகுதான் மற்றவன் ஏறினான். அவர்கள் மோதியதே கிடையாது. மோதியிருந்தால் எவன் ஜெயித்திருப்பான் என்பதுதான் தகராறு. இதைச் சொன்னால் என் பேரப்பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரிக்கிறார்கள். எனக்கு இன்றைக்கும் பற்றிக்கொண்டுதான் வருகிறது.

அந்தச் சண்டைக்காரர்களின் பெயர் எங்கள் ஊர் வாய்க்குள் நுழையவில்லை. முதலாமவன் குட்டை என்பதால் குள்ளன், அடுத்தவன் உயரம் என்பதால் நெட்டையன். கொடைக்கானலுக்கு மேலே, பூண்டும் உருளைக்கிழங்கும் போடுகிற எங்கள் மலைக்கிராமத்தில் சின்னப் பிள்ளைக்குக்கூட இந்த இரண்டு பேரையும் தெரியும்.

அப்பா குள்ளன் கட்சி. கல்யாணத்துக்கு முன்னால் அவர் கொடைக்கானலில் ஒரு துரையின் பங்களாவில் எடுபிடியாக இருந்தார். துரை ரேடியோவில் சண்டை கேட்கும்போது இவர் கதவோரம் தட்டைப் பிடித்துக்கொண்டு நிற்பாராம். குத்து வாங்கி விழுந்தவன் எழுகிறானா என்று ஒன்றிலிருந்து பத்து வரை எண்ணியது மட்டும் புரிந்ததாம். மாமா நெட்டையன் கட்சி. யுத்தத்தில் பட்டாளத்துக்குப் போனவர். பாலைவன முகாமில் சிப்பாய்களுக்கு வேடிக்கை காட்ட நெட்டையன் வந்தபோது பார்த்தாராம். எவ்வளவு பார்த்தார் என்று ஒருநாள் குடைந்து கேட்டேன். ஆயிரம் தலைகளுக்கு மேலே ஒரு கையுறை தெரிந்ததாம். ஒருவருக்கு ஒரு எண்ணிக்கை, இன்னொருவருக்கு ஒரு கையுறை. இந்த முதலீட்டை வைத்துக்கொண்டுதான் இரண்டு பேரும் வருஷக்கணக்காக வாய்ச்சண்டை நடத்தினார்கள்.

டீக்கடையில் ஆரம்பித்துக் காடு வரைக்கும் வரும். "குள்ளன் பத்துக் குத்து வாங்குவான் மச்சான், ஒண்ணுதான் குடுப்பான். அந்த ஒண்ணுல சோலி முடிஞ்சிரும்" என்பார் அப்பா. "கிட்ட வந்தாத்தான குடுப்பான் மாப்ள? நெட்டையன் இடது கையை நீட்டுனா உங்காளு அடுத்த காட்டுலதான் நிக்கணும்" என்பார் மாமா. கிழங்கு தோண்டுகிறவர்கள் தோண்டுவதை விட்டுவிட்டு இரண்டு கட்சியாகப் பிரிந்து நிற்பார்கள். பெண்கள் நாங்கள் மூட்டை கட்டிக்கொண்டிருப்போம்.

பூண்டு அறுவடை முடிந்த சமயம், வாய்ச்சண்டை கைக்கு வந்தது. டீக்கடை முன்னால் லாரியில் கிழங்கு மூட்டை ஏற்றிக்கொண்டிருந்தவர்கள் எல்லாரும் சுற்றி நின்றார்கள். "நில்லுங்க மாப்ள, நெட்டையன் எப்பிடிக் குத்துவான்னு காட்டுறேன்" என்று மாமா இடது கையை நீட்டினார். காட்டத்தான் நினைத்தார். அப்பா குள்ளன் மாதிரி குனிந்து உள்ளே பாய்ந்தார். மூக்கு நேராகப் போய்க் கையில் மோதியது. கிழங்கு மூட்டை மேல் விழுந்தார், ரத்தம் சட்டையெல்லாம் ஒழுகியது. ரத்தம்கூடப் பரவாயில்லை. சுற்றி நின்றவர்கள் சிரித்துவிட்டார்கள். யாரோ ஒருவன் ஒன்று, இரண்டு என்று பத்து வரை எண்ணவும் எண்ணினான்.

பெண் கொடுத்த வீட்டுக்காரர் மாப்பிள்ளையின் மூக்கை உடைத்தால் அது சும்மா போகுமா? "இனிமே உங்க காலு என் வாசல்ல படக்கூடாது" என்றார் அப்பா. மாமாவுக்கும் வீம்பு. "நெட்டையன்தான் ஜெயிப்பான்னு இதே கடையில நாலு பேரு முன்னாடி நீங்க சொல்லுங்க. அன்னைக்கு வாரேன்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

அதற்கடுத்த வாரம் நான் வயதுக்கு வந்தேன்.

எங்கள் வழக்கத்தில் பெண் வயதுக்கு வந்தால் வீட்டுக்கு வெளியே உட்கார வேண்டும். தாய்மாமன் பச்சைக் குழை வெட்டி வந்து குடிசை கட்ட வேண்டும். அதில் மூன்று நாள் இருந்தபின் தண்ணீர் ஊற்றித் தீட்டுக் கழிப்பார்கள். அதற்கு அப்புறம்தான் அவள் நாலு பேர் நடக்கிற பாதையில் கால் வைக்கலாம். அம்மாவுக்குக் கூடப்பிறந்தவர் இந்த ஒரே அண்ணன். மாமன் செத்துப்போயிருந்தால் பங்காளி முறையில் இன்னொருவர் கட்டலாம். உயிரோடு இருக்கும்போது வேறு ஆளைக் கூப்பிட்டால், அவர் செத்துவிட்டார் என்று ஊருக்குச் சொன்ன மாதிரி. அம்மா அதற்கு மட்டும் ஒப்பவே இல்லை.

எனக்கு எட்டாம் வகுப்புப் பரீட்சை நெருங்கிக்கொண்டிருந்தது. அந்தக் காலத்தில் அது சர்க்கார் பரீட்சை. அதில் தேறினால் வாத்தியார் பயிற்சிக்குப் போகலாம். எங்கள் ஊரிலிருந்து ஒரு பெண்ணும் போனதில்லை, நீ போவாய் என்று டீச்சர் சொல்லியிருந்தார். பரீட்சை கொடைக்கானலில். கிழங்கு லாரியில் எங்களைக் கூட்டிப்போக ஏற்பாடும் ஆகியிருந்தது. மாமா உடனே வந்திருந்தால் எல்லாம் முடிந்து நான் நிதானமாகப் படித்துவிட்டே போயிருக்கலாம்.

என்னைப் பூண்டுக் கொட்டகையில் உட்கார வைத்தார்கள். பூண்டு கெடாமல் இருக்கக் கட்டுக்கட்டாகத் தொங்கவிட்டுக் கீழே புகை போடுகிற இடம். பலகை இடுக்கில் குளிர் ஊசி மாதிரி ஏறும். குளிருக்குப் பயந்து நெருப்புக்குப் பக்கத்தில் போனால் கண் எரிந்து எழுத்துத் தெரியாது. பூகோளப் புத்தகத்தை நான் அழுதுகொண்டே படித்தேன், துக்கத்தில் இல்லை, புகையில். துக்கம் பிறகு வந்தது.

அம்மா அண்ணன் வீட்டுக்கு நடந்தாள். "நான் என்னத்தா செய்ய, உம் புருசன ஒரு வார்த்தை சொல்லச் சொல்லு" என்றார் அவர். அம்மா திரும்பி வந்து அப்பாவிடம் அழுதாள். அவர் மண்வெட்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டார். கடைசியில் ஊர்ப் பெரியவர்கள் சமாதானம் பேச வந்தார்கள். கொட்டகைக்கு வெளியேதான் உட்கார்ந்தார்கள். ஒவ்வொரு சொல்லும் பலகை வழியாக எனக்குக் கேட்டது.

குடிசையைப் பற்றிக் கொஞ்ச நேரம் பேசினார்கள். பிறகு ஒருவர், "அது கெடக்கட்டும், குள்ளனுக்குக் கை எவ்வளவு நீளம்?" என்று கேட்டார். அவ்வளவுதான். எத்தனை ரவுண்டு, எந்த வயதுக் குள்ளன், எந்த வயது நெட்டையன், மழை பெய்தால் மேடை வழுக்குமா. மாமாவும் வந்து சற்றுத் தள்ளி நின்றுகொண்டு பதில் சொன்னார். வாசலில் கால் படாமல் சண்டை மட்டும் போடலாம் போலிருக்கிறது. சாயங்காலம் வரைக்கும் பேசினார்கள். டீ வேறு வாங்கி வரச் சொன்னார்கள்.

நான் கதவைத் திறந்துகொண்டு வெளியே வந்துவிட்டேன். தீட்டுப் பட்டுவிடும் என்று பெரியவர்கள் துண்டை உதறிக்கொண்டு எழுந்து ஓடினார்கள். "அப்பா, உங்க காலைப் பிடிச்சுக் கேக்குறேன். நெட்டையன் ஜெயிப்பான்னு சொல்லிருங்கப்பா. நான் பரீட்சைக்குப் போகணும்" என்று கும்பிட்டேன்.

அப்பா என்னை நிமிர்ந்து பார்த்தார். கோபமே இல்லை அவர் முகத்தில். "தாயி, அப்பாவ நாலு பேரு முன்னாடி பொய் சொல்லச் சொல்றியா?" என்றார்.

கதவோரம் தொங்கிய பூண்டுக் கட்டு ஒன்றை உருவி அவர் மேல் எறிந்தேன். மார்பில் பட்டது. அம்மா ஓடிவந்து என்னை உள்ளே இழுத்துக் கதவைச் சாத்தினாள்.

பரீட்சைக்குப் போகிற அன்று வெள்ளனே டீச்சர் லாரியை நிறுத்திவிட்டு இறங்கி வந்தார். "மாமன் இன்னும் குழை கட்டலையே டீச்சர்" என்று அப்பா மரியாதையாகச் சொன்னார். டீச்சர் கத்தினார். அவரை இன்னொரு சாதிக்காரர், வெளியூர்க்காரர் என்று யாரும் காதில் வாங்கவில்லை. லாரி ஆரன் அடித்தது. பிறகு மேட்டில் ஏறுகிற சத்தம் கேட்டது. வளைவு வளைவாக அது தேய்ந்து போகிற வரைக்கும் கேட்டுக்கொண்டிருந்தேன்.

பரீட்சை எழுதியவர்களை லாரி திரும்பக் கொண்டுவந்து இறக்கிய அன்றைக்குத்தான் ஊரார் தீர்ப்புச் சொன்னார்கள். பத்து ரவுண்டு என்றால் நெட்டையன், பதினைந்து ரவுண்டு என்றால் குள்ளன். இரண்டு பேருக்கும் கௌரவம் மிஞ்சியது. மாமா குழையைத் தோளில் போட்டுக்கொண்டு மேளத்தோடு வந்தார். நான் அந்தக் குடிசைக்குள் போய் உட்கார்ந்தேன். எல்லாரும் சந்தோஷமாக இருந்தார்கள். அடுத்த வருஷம் எழுதலாமே என்று டீச்சர் கேட்டதற்கு, சமைந்த பெண்ணை லாரியில் ஏற்றி அனுப்புவதா என்று அப்பாவும் மாமாவும் ஒரே குரலில் மறுத்தார்கள். அந்த ஒரு விஷயத்தில் இரண்டு பேருக்கும் கருத்து வேறுபாடே இல்லை.

நாலைந்து வருஷம் கழித்து என்னை மாமா மகனுக்கே கட்டிவைத்தார்கள். அவரைக் குறை சொல்ல எனக்கு ஒன்றும் இல்லை. கல்யாணத்தன்று பந்தியில் அப்பாவும் மாமாவும் பக்கத்துப் பக்கத்து இலையில் உட்கார்ந்திருந்தார்கள். வழக்கம்போல யாரோ குள்ளன் பேச்சை எடுத்தார்கள். ஊரே அங்கே இருந்தது. அப்பா வாய் நிறையச் சோற்றோடு மாமாவின் தோளில் தட்டினார்.

"சரி மச்சான், உங்க நெட்டையன்தான் ஜெயிப்பான். பத்து ரவுண்டோ பதினஞ்சு ரவுண்டோ, எதுன்னாலும் அவன்தான். போதுமா? பாயசத்த இன்னொரு கரண்டி ஊத்தச் சொல்லுங்க."

பந்தியே சிரித்தது. நான் மாலையும் கழுத்துமாக எதிரில் நின்றுகொண்டிருந்தேன். அப்பா என் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. பாயசம் வந்தது, குடித்தார்.