நியாண்டர்தாலுக்கு வகிடு எடுத்தவர்

நாற்பதாயிரம் ஆண்டுகளில் ஒரு நியாண்டர்தால் மனிதனுக்குத் தலை வாரி, இடப்பக்கம் வகிடு எடுத்துவிட்ட பெண் இந்தப் பூமியில் ஒருவர்தான். மகாராணிகள், விண்வெளிக்குப் போய் வந்தவர்கள், மேடையேறிப் பரிசு வாங்கிய விஞ்ஞானிகள் எல்லோரும் வரிசையில் வரட்டும். தூசி அக்காவுக்குப் பின்னால்தான் நிற்க வேண்டும்.

அருங்காட்சியகத்தில் தூசி தட்டுவது அவர் வேலை. அதனால்தான் அந்தப் பெயர். சொந்தப் பெயர் வருகைப் பதிவேட்டில் மட்டும் இருந்தது. வயது ஐம்பது. கணவர் வேறு ஊரில் வேறு குடும்பத்தோடு சௌக்கியம். அக்காவுக்கு ஒரே அறை, ஒரே தட்டு, ஒரே டம்ளர். விருந்தாளி வந்தால் இரண்டு பேரில் ஒருவர் குடிக்காமல் இருக்க வேண்டியதுதான். நல்லவேளை, யாரும் வந்ததில்லை.

ஆதிமனிதர் கூடத்தில், வாசலோரத்து யானை எலும்புக்கூட்டைத் தாண்டினால், எதிரெதிரே இரண்டு கண்ணாடிக் கூண்டுகள். ஒன்றில் நம் ஆட்களின் பொம்மைகள்: அப்பா, அம்மா, வளர்ந்த பையன், ஐந்து வயதுப் பாப்பா. எதிர்க் கூண்டில் நியாண்டர்தால், தனி ஆள். புடைத்த புருவம், அகன்ற மூக்கு, கையில் ஒரு கல். காலடியில் ஒரு பலகை: 'நவீன மனிதன் வந்தான், இவன் அழிந்தான்.' பள்ளிக்கூடப் பிள்ளைகள் அவனைப் பார்த்துவிட்டு, அவரவர் கணக்கு வாத்தியாரை நினைத்துச் சிரித்துவிட்டுப் போவார்கள்.

பார்வையாளர்களுக்குத் திங்கட்கிழமை விடுமுறை. அன்றைக்குத்தான் அக்கா செருப்பைக் கழற்றிப் போட்டுவிட்டு, பின்பக்கக் குட்டிக் கதவு வழியாகக் குனிந்து உள்ளே போவார். உடம்புத் தூசிக்கு வர்ணம் அடிக்கிற பிரஷ், முடிக்குச் சீப்பு. குகை மனிதன் முடி கலைந்தே இருக்க வேண்டும் என்பது விதி. பதினோரு வருடம் வாரிய கை விதியைக் கேட்குமா? வாரி முடித்ததும் அவன் காலடியிலேயே உட்கார்ந்து டிபன் பெட்டியைத் திறப்பார்.

"எதிர்ல பாரு, நாலு பேரு. நீயும் நானும்தான் ஒத்தை. உன் ஆளுங்க எல்லாம் எங்க போனாங்க? சொல்லாமலே போயிட்டாங்களா? அதெல்லாம் அப்படித்தான். பழகிடும்."

போன வருடம் ஒரு திங்கட்கிழமை, அவனுடைய கல்லுக்கும் கட்டைவிரலுக்கும் நடுவே ஒரு துண்டுச்சீட்டு செருகியிருந்தது. 'போன வாரம் இருமினீங்களே, மருந்து சாப்பிட்டீங்களா?'

அக்கா சுற்றுமுற்றும் பார்த்தார். சீட்டைத் திருப்பிப் பார்த்தார். மடித்து இடுப்புப் பையில் வைத்துக்கொண்டு, "சாப்பிட்டேன், சாப்பிட்டேன். பெரிய டாக்டர் இவரு" என்றார். குகை மனிதனுக்கு எழுதத் தெரியுமா என்று கேட்கவில்லை. அதற்கப்புறம் வாராவாரம் ஒரு சீட்டு வந்தது. 'மீசையையும் கொஞ்சம் ஒதுக்கிவிடுங்க.' 'எதிர்வீட்டுக்காரர் முறைக்கிறார், என்னன்னு கேளுங்க.' அக்கா ஒவ்வொன்றுக்கும் வாய்விட்டுப் பதில் சொன்னார்.

இந்த வருடம் காப்பாட்சியர் மேடம் வந்து நின்றார்.

"ரெண்டு கூண்டையும் ஒண்ணாக்கப் போறோம். அந்தப் பலகை அரைகுறை. இவங்க நம்ம ஆளுங்களோட கலந்து பிள்ளை பெத்திருக்காங்க. இன்னைக்கும் நிறையப் பேரு உடம்புல இவங்க பங்கு கொஞ்சம் இருக்கு."

"அப்ப இவன் இனிமே தனியா நிக்க வேண்டாம்" என்றார் அக்கா.

"வேண்டாம். புதுக் கூண்டைக் காத்துப் புகாம சீல் வெச்சுடுவோம். தூசியே வராது. நீங்களும் குனிஞ்சு உள்ள போக வேண்டியதில்ல."

அக்கா தலையாட்டினார். துணியை வாளியில் முக்கி எடுத்து அழுத்திப் பிழிந்தார். வாளியில் தண்ணீரே இல்லை.

பொம்மைகளை இடம் மாற்றுகிற அன்று மேடம் கிட்டே வந்து பார்த்தார். "இவனுக்கு வகிடு எடுத்தது யாரு?"

தூக்குகிற ஆட்கள் அப்படியே நின்றுவிட்டார்கள்.

"நான்தான் மேடம். கைப் பழக்கம்."

வேலை போயிற்று என்றே அக்கா நினைத்தார். மேடம் திரும்பி, பாப்பா பொம்மையைப் பார்த்தார். அங்கேயும் இடப்பக்கம், அதே நேர்கோடு.

"அதுக்கும் நீங்கதானா?"

"அதே சீப்புதான் மேடம்."

மேடம் இந்தத் தலையையும் அந்தத் தலையையும் மாறி மாறிப் பார்த்தார். கோபம் வரவேண்டிய இடத்தில் சிரிப்பு வந்தது. "ஒரே வீட்டுல வளர்ந்த மாதிரியில்ல இருக்கு" என்றவர் ஆட்களிடம் சொன்னார்: "அவன் கையில இருக்கிற கல்லை எடுத்துடுங்க. பாப்பாவை அவன் பக்கத்துல நிறுத்துங்க. அவன் கை அது தோள் மேல இருக்கட்டும்."

சீல் வைத்தார்கள்.

அடுத்த திங்கட்கிழமை அக்கா கண்ணாடிக்கு வெளியே உட்கார்ந்தார். அவன் முகம் பாப்பா பக்கம் திரும்பியிருந்தது. "நல்லா இரு" என்றார். டிபன் பெட்டியைத் திறக்காமலே எடுத்துக்கொண்டு எழுந்து போனார்.

மறுநாள் காலை அவருடைய வாளிக்குள் ஒரு சீட்டு கிடந்தது. 'புது வீடு வசதியா இருக்கு. பாப்பா சமத்து. நேத்து நீங்க ஏன் சாப்பிடலை?'

அக்கா அதை எடுத்துக்கொண்டு நேரே நுழைவாயிலுக்கு நடந்தார். அங்கே டிக்கெட் கிழிப்பவன், பத்தாம் வகுப்பில் இரண்டு முறை கோட்டை விட்டவன். இந்தக் கதையை எழுதுகிறவனும் அவன்தான்.

"சீல் வெச்ச கூண்டுக்குள்ள நிக்கிறவன் என் வாளியில எப்படிடா சீட்டு போட்டான்?"

"யாருக்கா?"

அக்கா இடுப்புப் பையைக் கவிழ்த்தார். அத்தனை சீட்டும் மேஜையில் விழுந்தன. ஒவ்வொன்றாகத் திருப்பி வைத்தார். எல்லாவற்றின் பின்பக்கமும் நுழைவு டிக்கெட்டின் கிழித்த பாதி.

"எப்பலேருந்து தெரியும்?"

"இருமல் சீட்டுலேருந்து."

"அப்புறம் ஏன் அவன்கிட்டயே பதில் சொல்லிட்டிருந்தீங்க?"

"யானை எலும்புக்கூட்டுக்குப் பின்னால நின்னு கேட்டுட்டிருந்தது நீதானே. வேற எப்படிச் சொல்றது?"

அக்கா டிபன் பெட்டியை மேஜை மேல் வைத்தார். சாப்பாட்டில் பாதியை மூடியில் பிரித்து வைத்து, அவன் பக்கம் நகர்த்தினார். பிறகு சீட்டுகளோடு விழுந்திருந்த சீப்பை எடுத்தார்.

"முதல்ல அந்தத் தலையைக் காட்டு. குகையிலேருந்து இப்பத்தான் வந்தவன் மாதிரி இருக்கே."