கேமராவுக்கு வைத்த பொட்டு

அந்தக் கேமராவின் விலை ஒரு சுமாரான சேலைக்கு மேல் இராது. உள்ளங்கையில் அடங்கும் வெள்ளை உருண்டை, கழுத்தைத் திருப்பித் திருப்பிப் பார்க்கும். பிடிக்கவில்லை என்றால் பத்து நாளைக்குள் திருப்பிக் கொடுத்துவிடலாம் என்று கடையில் சொன்னதால்தான் வாங்கினேன். அந்தப் பத்து நாளில் எனக்குத் தெரியவேண்டியது ஒன்றே ஒன்று: என் வீட்டுக்காரரைத் தனியாக விட்டுவிட்டு நான் வேலைக்குப் போகலாமா, கூடாதா.

அவருக்கு வலிப்பு. வண்டியிலிருந்து விழுந்து தலையில் அடிபட்ட பிறகு வந்தது. மாத்திரையில் பெரும்பாலும் அடங்கிக் கிடக்கும், எப்போதாவது சொல்லாமல் கொள்ளாமல் வந்து நிற்கும். "வலிப்பைப் பத்தி ரொம்ப பயப்படாதீங்கம்மா. அது வர்ற நேரத்துல அவர் எங்க இருக்கார்ங்கறதுதான் முக்கியம்," என்று டாக்டர் சொல்லியிருந்தார். அதைக் கேட்ட நாளிலிருந்து எனக்குத் தூக்கம் போயிற்று.

எங்கள் வீடு உப்பளம் பகுதியில். நான் வேலை பார்க்கும் மருந்துக்கடை தவளக்குப்பம் ஜங்ஷனில். நடுவில் ஓர் ஆறு, ஒரு பாலம், அரியாங்குப்பத்து நெரிசல் மொத்தமும். பிள்ளைகள் இருவரும் வெளியூரில். வேலையை விட்டால் குடும்பம் நடக்காது, விடாவிட்டால் என் உயிர் என்னிடத்தில் இல்லை.

எதிர் வீட்டில் ஒரு சொல்தா இருக்கிறார். பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்துவிட்டுப் பென்ஷனோடு திரும்பியவர்களை எங்கள் ஊரில் அப்படித்தான் சொல்வோம். நான் அண்ணன் என்று கூப்பிடுவேன். கேமரா யோசனை அவர் கொடுத்ததுதான். "நீ கடையிலர்ந்து பாரு. எதுனா ஆச்சுன்னா எனக்கு ஒரு போன் போடு, நான் ரெண்டே எட்டுல போய் நிப்பேன். சாவி ஒண்ணு என்கிட்ட குடுத்துடு," என்றார். கூடப் பிறந்தவன்கூட இப்படித் தானாக வந்து சொல்லமாட்டான்.

என் வீட்டுக்காரருக்கோ அடியோடு பிடிக்கவில்லை. "மில்லுல சூப்பர்வைசர்கூட என்ன இப்டி உத்துப் பாத்தது கெடயாது. நான் என்னா திருடனா?" என்று குதித்தார். மூடிப்போன பஞ்சாலையில் ஃபிட்டராக இருந்தவர் அவர். அந்த ரோஷம் இன்னும் போகவில்லை.

"திருடனா இருந்தா போலீஸ்காரன் பாத்துக்குவான், நான் நிம்மதியா இருப்பேனே," என்றேன். எனக்கு வாய் கொஞ்சம் நீளம். தெருவே சொல்லும்போது நான் மறைத்து என்ன ஆகப்போகிறது?

கடைசியில் ஒரு உடன்படிக்கைக்கு வந்தோம். பத்து நாள் பார்ப்பது, அதன் பிறகு வைத்துக்கொள்வதா திருப்பிக் கொடுப்பதா என்று அவர் சொல்வதே முடிவு. அதுவரை அவர் அதன் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பக்கூடாது, நான் அதைப் படுக்கையறைப் பக்கம் திருப்பக்கூடாது.

முதல் நாளே அது என் மானத்தை வாங்கிவிட்டது. வீட்டில் எது அசைந்தாலும் போனில் மணி அடிக்கும் என்றார்கள். அடித்தது, அடித்துக்கொண்டே இருந்தது. பதறிப்போய்ப் பார்த்தால் ஃபேன் காற்றில் காலண்டர் தாள் படபடக்கிறது. மறுபடி அடித்ததும் பார்த்தால் ஒரு பல்லி கேமராவுக்கு எதிரிலேயே உட்கார்ந்து யானை அளவுக்குத் தெரிகிறது. சர்க்கரை மாத்திரை வாங்க வந்தவர், "ஏம்மா, வூட்ல கல்யாணமா, இத்தன போன் வருது?" என்று கேட்டேவிட்டார்.

காலண்டரைக் கழற்றினேன். கேமராவை ஃப்ரிட்ஜ் மேலிருந்து எடுத்து டிவி அலமாரியில் வைத்தேன். அங்கிருந்து கூடமும் அடுப்படி வாசலும் ஒன்றாகத் தெரிந்தன. மணியைக் குறைக்க ஒரு வழி இருப்பதை மூன்றாம் நாள்தான் கண்டுபிடித்தேன். படம் துல்லியம், இருட்டிலும் ஆள் தெரிகிறது. கரண்ட் போனால் அதுவும் போய்விடுகிறது, அது குறைதான். பொத்தானை அழுத்திப் பேசினால் என் குரல் வீட்டில் கேட்கும், விட்டால் வீட்டுச் சத்தம் எனக்குக் கேட்கும். குரல் போய்ச் சேரக் கொஞ்சம் தாமதம் ஆகும். "மாத்திர போட்டீங்களா?" என்று கேட்பேன். அவர் கேமராவைப் பார்க்காமலே மாத்திரை அட்டையைத் தலைக்கு மேல் தூக்கிக் காட்டுவார். வாயைத் திறந்து பதில் சொல்லமாட்டார். அவ்வளவு வீம்பு.

எட்டாம் நாள் ஆயுத பூஜை. மருந்துக்கடைக்கு லீவு ஏது? பூசை போட்டுவிட்டு அரை நாள் திறந்திருந்தோம். நான் கிளம்பும் முன்பே அவர் என் ஸ்கூட்டியைத் துடைத்துச் சந்தனம், குங்குமம் வைத்திருந்தார். ஆயுத பூஜை என்றால் அவருக்கு மில் ஞாபகம் வந்துவிடும். வேலை செய்கிற மிஷின் ஒன்றுகூட விட்டுப்போகக்கூடாது, கிரைண்டர், மிக்ஸி, தண்ணீர் மோட்டார், இஸ்திரிப்பெட்டி எல்லாவற்றுக்கும் நெற்றி பார்த்துப் பொட்டு வைப்பார்.

பதினோரு மணி இருக்கும். போனை எடுத்துப் பார்த்தால் வீட்டைக் காணோம். திரை முழுக்க மஞ்சளும் சிவப்புமாக ஒரே கலங்கல். கேமராவின் கண்ணிலேயே சந்தனத்தை அப்பி, அதன்மேல் குங்குமமும் வைத்திருக்கிறார் மனுஷன்!

எனக்குக் கோபம் உச்சி மண்டைக்கு ஏறியது. வேண்டுமென்றேதான் குருடாக்கியிருக்கிறார் என்று நினைத்தேன். பொத்தானை அழுத்தினேன். "யோவ்! உனக்கு அறிவு இருக்குதா? எட்டு நாளா நான் இங்க வயித்துல நெருப்பக் கட்டினு நிக்கிறேன், நீ அது கண்ணுல சந்தனம் பூசி வெளயாடுறியா? வந்து தொடைய்யா மொதல்ல!" கடையில் நின்றிருந்த இரண்டு பேர் திரும்பிப் பார்த்தார்கள். பார்க்கட்டும் என்று இருந்தேன்.

பொத்தானை விட்டேன். அவர் ஏதோ முணுமுணுப்பது கேட்டது. பிறகு தாம்பாளம் ஒன்று தரையில் விழுந்து கணகணவென்று சுற்றி அடங்கியது. அதற்குப் பிறகு வந்த சத்தம் எனக்குத் தெரியும். தொண்டையிலிருந்து வரும் அந்த இழுப்பைக் கட்டினவளுக்குச் சொல்லித் தரவேண்டியதில்லை.

அவசரத்தில் சொல்தா அண்ணன் நம்பர் இரண்டு தடவை தப்பிப்போயிற்று. மூன்றாம் தடவை எடுத்தார். "அண்ணா, வூட்டுக்கு ஓடுங்கண்ணா!" என்றேன். வேறு ஒன்றும் கேட்காமல் வைத்துவிட்டார்.

மறுபடி போனில் கேமராவைத் திறந்து காதோடு வைத்துக்கொண்டேன். பூட்டு திறந்தது, செருப்புச் சத்தம், பிறகு அண்ணனின் குரல். "சா வா, சா வா, ஒண்ணும் இல்ல தம்பி, நான் இருக்கறேன்." எல்லாம் சரியாகிவிடும் என்பதற்குப் பிரெஞ்சில் அவர் சொல்வது அந்த 'சா வா'. பின்னாலேயே அக்கம்பக்கத்துக் குரல்கள். யாரோ, "கையில சாவியக் குடுங்க, இரும்பக் குடுங்க," என்றார்கள். "ஒரு எழவும் வாணாம், ஒருக்களிச்சுப் படுக்க வையுங்க, காத்து வுடுங்க," என்று பட்டாளத்துக் குரலில் அதட்டினார் அண்ணன். அப்புறம் திரையில் சிவப்பு கலைந்தது. துண்டால் துடைத்திருக்கிறார். அவருடைய மீசை திரையை அடைத்துக்கொண்டு நின்றது. "பாத்துக்கம்மா. வலிப்பு நின்னுபோச்சு, மூச்சு நல்லா வருது. வண்டிய நிதானமா ஓட்டினு வா. உன்னையும் நான் தூக்க முடியாது."

அந்த மீசையை அன்றைக்கு நான் சாமியாகப் பார்த்தேன். அதில் வெட்கம் ஒன்றும் இல்லை.

பாலத்தைத் தாண்டி வரும் வழியெல்லாம் ஒரே நினைப்புதான். நான்தான் கத்தினேன். கத்திய மறு நிமிஷம் அவர் விழுந்தார். என் வாய்தான் அவரைச் சாய்த்துவிட்டது. ஆத்திரக்காரிக்குப் புத்தி மட்டு என்று என்னையே திட்டிக்கொண்டு வந்து சேர்ந்தேன். அவர் பாயில் அயர்ந்து தூங்கிக்கொண்டிருந்தார். உடம்பில் ஒரு கீறல் இல்லை.

சாயங்காலம் எழுந்து காபி குடித்தார். அண்ணனும் வந்து உட்கார்ந்திருந்தார். நான் மெதுவாக, "நான் கத்துனதாலதான வந்துச்சு? என்ன மன்னிச்சுடுங்க," என்றேன். சொல்லும்போதே அழுகை வந்துவிட்டது.

அவர் என்னை வினோதமாகப் பார்த்தார். "அட லூசு. நான் அப்ப எங்க இருந்தேன் தெரியுமா? ஸ்டூலப் போட்டு அது மேல ஏறி நின்னு ஃபேனுக்குப் பொட்டு வெச்சினு இருந்தேன். நீ அந்தக் கத்து கத்துன. சரி, இவளுக்கு ரெண்டு வார்த்த பதில் சொல்லிட்டு வருவோம்னு கீழ எறங்குனேன். தரையில கால வெச்சதும் கண்ணு மசமசன்னுச்சு, ஒக்காந்துட்டேன். அவ்ளோதான் தெரியும்."

அப்போதுதான் கூடத்து மூலையில் ஒதுக்கி வைத்திருந்த ஸ்டூலைப் பார்த்தேன். என் இடுப்பு உயரம். கீழே சிமெண்ட் தரை, பக்கத்தில் டிவி அலமாரியின் விளிம்பு.

அண்ணன்தான் முதலில் சிரித்தார். "வாயுள்ள புள்ள பொழைக்கும்னு சொல்வாங்க. இங்க பொண்டாட்டிக்கு வாய் இருக்கப்போய் புருஷன் பொழைச்சிருக்கான்." மூன்று பேரும் சிரித்தோம். நான் அழுதுகொண்டே சிரித்தேன். "மெர்சிண்ணா," என்று அவருடைய பிரெஞ்சிலேயே நன்றி சொன்னேன்.

"ஆனா அது கண்ணுல ஏன் பூசுனீங்க?" என்று கேட்டேன்.

"கண்ணுன்னு யாருக்குத் தெரியும்? நடுவுல வட்டமா இருந்துச்சு, நெத்தின்னு நெனச்சேன். எட்டு நாளா வேல செய்யுதே, அத மட்டும் எப்டி வுடறது?" என்றார். பிடிக்காத மிஷினுக்கும் மரியாதை செய்திருக்கிறார். அதைத்தான் நான் அப்படிப் பேசியிருக்கிறேன்.

பத்தாம் நாள் காலையில் கேமராவின் அட்டைப்பெட்டியைத் தேடி எடுத்து அவர் முன்னால் வைத்தேன். பேச்சு பேச்சாக இருக்கவேண்டும் அல்லவா? "சொல்லுங்க. திருப்பிக் குடுத்துடவா?"

அவர் பெட்டியை எடுத்துப் பரண்மேல் வைக்கச் சொல்லி என்னிடமே நீட்டினார். "இருக்கட்டும். ஆனா ஒண்ணு. அங்கர்ந்து சும்மா பாத்துனு மட்டும் இருக்காத. எதுனா பேசு. திட்டுறதா இருந்தாலும் சரி."