ஈரத்தில் ஊன்றிய தடி

செட்டிபாளையத்தில் கஜானி டீச்சர் வீடு எது என்று கேட்டால் சின்னப் பிள்ளையும் காட்டும். அவள் என்ன ஆராய்ச்சி செய்கிறாள் என்று கேட்டால்தான் ஆளுக்கொரு கதை வரும். "வானத்தில இருக்கிற வாயுவப் பாக்கிறாவாம்" என்பார் கடைக்கார வினாயகமூர்த்தி, முகத்தைச் சுளித்துக்கொண்டு. சிரிக்கிறவர்கள் சிரிக்கட்டும். அவர் சொன்னதில் ஒரு பிழையும் இல்லை.

கஜானிக்கு நாற்பத்தொரு வயது. புளியந்தீவில் ஒரு பாடசாலையில் உயர்தர வகுப்புக்குப் பௌதிகவியல் படிப்பிக்கிறாள். பாடசாலை விட்டு பஸ்ஸில் வந்து, உலை வைத்து, அது கொதிக்கும் நேரத்தில் மடிக்கணினியைத் திறப்பாள். இப்படி ஏழு வருடம். முதுதத்துவமாணிப் பட்டத்துக்காக அவள் பார்த்துக்கொண்டிருந்தது ஒரே ஒரு குவாசரை. எங்கோ தொலைவில் ஒரு பெரிய விண்மீன் திரள். அதன் நடுவில் ஒரு கருந்துளை. சுற்றியிருப்பதை அது விழுங்க விழுங்க, உள்ளே விழும் வாயு சூடேறி, திரளிலுள்ள எல்லா விண்மீன்களையும் விட அதிகமாக ஒளிர்கிறது. அந்த ஒளி புறப்பட்டு ஆயிரத்து இருநூறு கோடி வருடம் ஆகிறது. புறப்பட்டபோது இந்தப் பூமியே இல்லை.

அந்தத் திரளில் குளிர்ந்த வாயு ஏராளம். புதிய விண்மீன்கள் பிறப்பது அந்தக் குளிரில்தான். நடுவில் இருக்கும் கருந்துளையின் மூர்க்கம் அந்த வாயுவை வெளியே தள்ளுகிறதா, இல்லையா? தள்ளினால் அங்கே இனிப் பிறப்பு என்பது குறைந்துகொண்டே போகும். இதுதான் கேள்வி. தென்னமெரிக்கப் பாலைவனத்துத் தொலைநோக்கிகள் பிடித்த அளவீடுகளை அவளுடைய பேராசிரியர் வாங்கிக் கொடுத்தார். ஏழு வருட முடிவில் கஜானி எழுதினாள்: தள்ளவில்லை, வாயு அமைதியாக இருக்கிறது. பரீட்சகர்கள் இருவரும் ஏற்றுக்கொண்டார்கள். அட்டை கட்டிய பிரதியைக் கார்த்திகையின் கடைசி வெள்ளிக்கிழமைக்குள் கையளித்தால் தை மாதம் பட்டமளிப்பு.

அந்தத் தை மாதத்துக்காகத்தான் அவளுடைய அப்பா வல்லிபுரம் உயிரைப் பிடித்துக்கொண்டிருந்தார். வாவியில் வலை வீசி மகளைப் படிப்பித்த மனிதர். இரண்டு சிறுநீரகங்களும் போய்விட்டன. வாரத்தில் இரண்டு நாள் ஆசுபத்திரியில் இரத்தம் சுத்திகரிக்க வேண்டும். சித்திரையைத் தாண்டுவது கடினம் என்று டாக்டர், கஜானியின் கணவன் திவாகரனைத் தனியே அழைத்துச் சொன்னார். அவன் கஜானியிடம் சொன்னான். வல்லிபுரத்துக்கு மட்டும் சொல்லவில்லை. "எல்லாம் சுகமாகும் அப்பா" என்று இருவரும் ஒரே வாயாகச் சொல்லிவந்தார்கள்.

"மகள் பட்டமளிப்பில கறுத்தக் கவுண் போட்டு நிக்கிறதப் பாத்திட்டா அதுவே எனக்குக் காணும்" என்பார் அவர். சுகம் விசாரிக்க வருகிறவர்கள் தங்கள் வருத்தத்தைச் சொல்லத் தொடங்கினாலும் இதைச் சொல்லித்தான் மறிப்பார்.

கார்த்திகை மழை பிடித்தது. வாவி பெருகிக் கரையேறியது. தண்ணீர் கடலுக்கு வடிய முகத்துவாரத்தை இன்னும் வெட்டிவிடவில்லை. வெள்ளக் காலத்தில் தண்ணீர் விளிம்பில் ஒரு தடி ஊன்றி, ஏறுகிறதா வற்றுகிறதா என்று பார்ப்பது அங்கே வழக்கம். வல்லிபுரமும் காலையில் தள்ளாடிப் போய் ஊன்றுவார். பின்னேரம் பார்த்துவிட்டு, "பெரிசா ஏறல்ல" என்பார். அடுத்த நாள் அதைப் பிடுங்கிப் புதிதாக ஊன்றுவார்.

கடைசி வாரம் செவ்வாய்க்கிழமை பின்னேரம் கஜானி பாடசாலையிலிருந்து வந்தபோது தண்ணீர் வீட்டுப் பின்புற முருங்கையைத் தாண்டிக் கிணற்றடிக்குக் கிட்ட நின்றது. அவளுக்குக் கோபம் வந்தது.

"என்னப்பா இது? தண்ணி கிணத்தடிக்கு வந்திட்டு. ஏறல்ல எண்டு சொல்லுறீங்க!"

"தடியப் பாத்துத்தானே மகள் சொல்லுறன்."

"ஒவ்வொரு நாளும் தண்ணி வந்து நிக்கிற இடத்தில புதிசா ஊண்டினா ஏறினது எப்பிடித் தெரியும்? ஈரத்தில ஊண்டின தடி என்னத்தக் காட்டும்? தள்ளிக் காஞ்ச தரையில தானே ஊண்ட வேணும்!"

சொல்லி முடித்தவள் அப்படியே நின்றாள். கையிலிருந்த குடையை மடக்கவும் மறந்துபோனாள்.

குவாசரின் அளவீட்டில் பின்னணி வெளிச்சத்தைக் கழித்தால்தான் வாயு தெரியும். அதற்கு, வாயுவின் சாயலே விழாத ஒரு பகுதியைப் பார்த்து அதைப் பூச்சியம் என்று வைக்க வேண்டும். அவள் அந்தப் பூச்சியத்தை எங்கே வைத்தாள்? நிறமாலையில் வாயு மேடாகத் தெரியும் கோட்டுக்குப் பக்கத்திலேயே, இரண்டு புறமும். வேகமாக வெளியேறும் வாயு ஏதும் இருந்தால் அதன் மங்கலான தடயம் விழுவதும் அதே இடத்தில்தான். அவளும் ஈரத்தில்தான் ஊன்றியிருக்கிறாள்.

ஓடிப்போய் மடிக்கணினியைத் திறந்தாள். பூச்சியத்தைத் தொலைவுக்கு நகர்த்தி வரைபடத்தை மறுபடி வரைந்தாள். நடுவில் பழைய மேடு அப்படியே நின்றது. ஆனால் அதன் இருபுறமும் தாழ்வாக இரண்டு வால்கள் நீண்டு கிடந்தன. செக்கனுக்கு ஆயிரம் கிலோமீற்றர் வேகத்தில் வாயு போய்க்கொண்டிருந்தது. மூன்று தரம் வரைந்தாள். மூன்று தரமும் அதுவேதான். கஜானி மேசையில் முகத்தை வைத்து அழுதாள்.

"ஆருக்குத் தெரியப்போகுது?" என்றான் திவாகரன். "பெரிய ஆக்களே பிடிக்கல்ல. இப்ப குடு, பிறகு திருத்து. மாமாட நிலைம உனக்குத் தெரியும்தானே." அவன் கெட்டவன் இல்லை. மாமனைத் தோளில் தாங்கி ஆசுபத்திரிக்குக் கொண்டுபோகிறவன் அவன்தான்.

இரவு முழுக்க அவளுக்குத் தூக்கம் வரவில்லை. புதன்கிழமை காலை பேராசிரியருக்கு அழைத்துப் பிழையைச் சொன்னாள். பூச்சியத்தை எங்கே வைத்தாள் என்று அவர் கேட்டுக் குறித்துக்கொண்டார். பிறகு, எல்லாவற்றையும் திருப்பிச் செய்து எழுத ஒரு வருடமாவது எடுக்கும் என்றார். அதை அப்பாவிடமும் அவளே சொன்னாள்.

"நான் செத்த பிறகு ஆருக்குப் போட்டுக் காட்டப்போறாய்?" என்று கேட்டுவிட்டு வல்லிபுரம் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்தார். இரண்டு நாள் அவளோடு கதைக்கவில்லை.

வெள்ளிக்கிழமை திவாகரன் ஏறாவூருக்குப் போய், போன வருடம் பட்டம் பெற்ற சஹ்லா டீச்சரிடம் அங்கியை இரவல் வாங்கிவந்தான். "போட்டு ஒரு படம் எடுப்பம். மாமாட மனம் ஆறட்டும்." அப்பாவின் முதுகையே இரண்டு நாள் பார்த்த கஜானிக்கு மறுக்கத் தெம்பில்லை. போட்டுக்கொண்டு கட்டிலடியில் போய் நின்றாள்.

வல்லிபுரம் திரும்பினார். தலையிலிருந்து கால்வரை பார்த்தார். கண் நிறைந்தது.

"ஆர்ட உடுப்பு இது?"

அவளால் பொய் சொல்ல முடியவில்லை. "சஹ்லாட, அப்பா."

"அப்ப கழட்டிக் குடு." கொஞ்சம் மூச்சு வாங்கினார். "நீ பிழை விட்டனெண்டு சொன்னதக் காட்டு, பாப்பம்."

மடிக்கணினியைக் கொண்டுவந்து தன் மடியில் வைத்துக் காட்டினாள். வீங்கிய விரலால் அவர் அந்த வால்களை நுனிவரை தடவிப் பார்த்தார்.

"இவ்வளவும் வெளிய போகுதா?"

"ஓம் அப்பா."

"திரும்பி வராதா?"

"கொஞ்சம் வரலாம். கனக்க வராது."

வல்லிபுரம் திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "எனக்கு எவ்வளவு நாளெண்டு டாக்டர் சொன்னவர்?"

திவாகரன் அவசரமாக, "என்ன மாமா, உங்களுக்கு..." என்று தொடங்கினான். கஜானி அவன் கையைப் பிடித்து நிறுத்தினாள்.

"சித்திரையத் தாண்டுறது கஷ்டம் எண்டவர், அப்பா."

அவர் தலையை ஆட்டினார். பிறகு அவளுடைய கையை இழுத்துத் தன் நெஞ்சில் வைத்துக்கொண்டார்.

"அப்ப எழுத எழுத எனக்கு வாசிச்சுக் காட்டு மகள்."

அன்றிலிருந்து ஒவ்வொரு பின்னேரமும் அவள் எழுதியதை வாசித்தாள். வாயு எங்கிருந்து போகிறது, எவ்வளவு போகிறது, போனபின் அந்தத் திரளுக்கு என்ன ஆகும் என்று அவர் கேட்டுக்கொண்டே கிடந்தார். மாசி மாதம் நாலாம் அத்தியாயத்தில் அவர் போய்விட்டார். ஐந்தாம் அத்தியாயத்தை எழுதி முடித்த அன்றும் கஜானி அந்தக் கட்டிலடியில் உட்கார்ந்து, முதல் வரியிலிருந்து கடைசி வரிவரை சத்தமாக வாசித்தாள்.